ஆள் ஏன் நிற்பதில்லை? – தொழில் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "ஆள் கிடைக்குது, ஆனா நிக்க மாட்டேங்குது." பின்னலாடை யூனிட் முதல் மருத்துவமனை வரை எல்லாத் தரப்பிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். பெயர்களை விட்டுவிட்டு, ஊரையும் தொழிலையும் மட்டும் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது 80 பேர் வேலை செய்யும் பின்னலாடை யூனிட். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை. ஆயுத பூஜைக்குத் துணி, ஆண்டுக்கு ஒரு டூர், மே தினத்துக்குப் பிரியாணி எல்லாம் உண்டு. "கம்பெனி கலாசாரத்தை மாத்துங்க" என்கிறார் ஆடிட்டர். எதை மாற்றுவது? (உரிமையாளர், திருப்பூர்)

பிரியாணியை நிறுத்த வேண்டாம். ஆனால் பிரியாணிக்காக யாரும் நிற்கப் போவதில்லை. சனிக்கிழமை கைக்கு வரும் பணம், டெய்லர் தன் மனதில் போட்டு வைத்த கணக்கோடு ஒத்துப்போகிறதா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டால் சூப்பர்வைசர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன? கட்டிங்கில் நடந்த தவறுக்குத் தையலில் இருப்பவர் தலையில் ரிஜெக்ட் விழுகிறதா? உங்கள் யூனிட்டின் கலாசாரம் இந்த மூன்று இடங்களில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. கடந்த 12 மாதங்களில் விலகிய எல்லோரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: சேர்ந்த தேதி, கடைசி நாள், செக்‌ஷன், எந்த சூப்பர்வைசரிடம் இருந்தார், யார் கூட்டி வந்தது. ஏப்ரலில் 76 பேர், மார்ச் கடைசியில் 84 பேர் என்றால் சராசரி 80. அந்த ஆண்டில் 60 பேர் விலகியிருந்தால் விலகல் 75 சதவீதம். இந்த ஒற்றை எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது. அந்த 60 பேரை மூன்றாகப் பிரித்தால்தான் விஷயம் புரியும்: முதல் 90 நாளுக்குள் போனவர்கள், 90 நாள் முதல் ஓராண்டுக்குள் போனவர்கள், ஓராண்டுக்கு மேல் இருந்து போனவர்கள்.

90 நாளுக்குள் போவது பெரும்பாலும் சொன்னதும் நடந்ததும் வேறாக இருப்பதால்தான். ஏஜென்ட் "மாசம் 18 ஆயிரம்" என்று சொல்லியிருப்பார். அது தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடினால் வரும் தொகை என்பதைச் சொல்லியிருக்க மாட்டார். இதைத் தடுக்க ஒரே ஒரு தாள் போதும். ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு, ஒன்றரை ஷிப்டுக்கு எவ்வளவு, அறை வாடகை, சாப்பாட்டுப் பிடித்தம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. போகக் கையில் எவ்வளவு என்று தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்து, ஆள் ரயில் ஏறும் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அதைப் பார்த்துச் சிலர் வராமலே போகலாம். வந்து பத்தாம் நாள் போவதை விட அது உங்களுக்கு லாபம்.

முதல் சம்பளத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. வாரச் சம்பளக்காரர்களுக்கு இது வராது, மாதச் சம்பளத்தில் இருக்கும் செக்கிங், பேக்கிங், ஸ்டோர் ஆட்களுக்கு வரும். கணக்கு முடிக்கும் தேதி 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 22-ஆம் தேதி சேர்ந்தவரின் பெயர் அந்த மாதப் பட்டியலில் வராது. அடுத்ததற்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதிதான் முதல் பணம், அதாவது ஏறக்குறைய 45 நாள். கையில் 500 ரூபாயோடு வந்தவர் அதுவரை கடன் வாங்கித்தான் சாப்பிட வேண்டும். அவர் போவதற்குக் காரணம் வேலை பிடிக்காமல் இல்லை. முதல் இரண்டு மாதத்துக்குப் புது ஆட்களுக்கு மட்டும் வாரச் சம்பளம் என்று வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

மூன்று மாதம் தாண்டியவர்கள் போவது வேலை சீராக ஓடாததால். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறையில் இருக்கும் ஓவர்லாக் டெய்லர் காலை 8.30-க்கு வந்து உட்கார்ந்திருப்பார். எலாஸ்டிக் வரவில்லை, லேபிள் வரவில்லை, கலர் மாறியதால் நூல் வரவில்லை. மதியம் வரை சும்மா. நஷ்டம் முழுக்க அவருக்கு, தவறு முழுக்க ஸ்டோருக்கு. புது ஸ்டைல் லைனில் ஏறும் முதல் இரண்டு நாளும் இதே கதைதான், கை பழகாததால் பீஸ் குறையும். இதற்கு இரண்டு விதிகள் போதும். அரை மணி நேரத்துக்கு மேல் மெட்டீரியல் இல்லாமல் லைன் நின்றால், நின்ற நேரத்துக்கு ஷிப்ட் ரேட்டில் கூலி. புது ஸ்டைலின் முதல் இரண்டு நாளுக்கு, அவரது முந்தைய நான்கு வாரச் சராசரிக்குக் குறையாத கூலி. செலவு உங்களுக்குத்தான் கூடும். ஆனால் லைன் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது என்பது முதல் முறையாக உங்கள் கண்ணுக்குத் தெரியும், ஸ்டோரை ஒழுங்குபடுத்தும் வேலையும் தானாகத் தொடங்கிவிடும்.

இனி தீபாவளி. தீபாவளியோடு போகிறவர் தீபாவளியில் முடிவெடுப்பதில்லை. ஆடி மாதமே முடிவெடுத்துவிட்டு போனஸுக்காகக் காத்திருக்கிறார். சிலர் போனஸில் பாதியைப் பிடித்து வைத்து "திரும்பி வந்தா தர்றோம்" என்கிறார்கள். சட்டப்படி இது செல்லாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு, ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே குறைந்தது 8.33 சதவீத போனஸ் அவருடைய உரிமை, அவர் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும். அதோடு, பிடித்து வைத்த செய்தி ஒடிசாவில் அவர் ஊர் முழுக்கப் பரவி, அடுத்த தடவை உங்கள் பெயரைச் சொன்னாலே ஆள் கிளம்பாது.

திரும்ப வைக்க வழி டிக்கெட்டில் இருக்கிறது. ரயில்வேயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதனால் தீபாவளிக்கு 75 நாள் முன்பே லீவு தேதியையும் லைன் மறுபடி ஓடும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். போக வர இரண்டு டிக்கெட்டையும் ஆபீஸிலேயே போட்டுக் கொடுங்கள். போகும் டிக்கெட் அவர் செலவு, குறித்த தேதியில் வந்து சேர்ந்தால் வரும் டிக்கெட் உங்கள் செலவு. வந்த முதல் வாரம் ஆர்டர் இல்லை என்று சும்மா உட்கார வைத்தால் இத்தனையும் வீண். பக்கத்து யூனிட்டில் வேலை ஓடுகிறது என்று தெரிய அவருக்கு ஒரு போன் கால் போதும். லைன் தொடங்கும் தேதியை ஆர்டரைப் பார்த்து வையுங்கள், நல்ல நாள் பார்த்து வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. வட மாநிலத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். "ஏய் இந்தி" என்று கூப்பிடும் லைனில் விலகல் கூடுதலாக இருக்கிறதா என்று உங்கள் நோட்டே சொல்லிவிடும்.

கேள்வி: எங்கள் பவுண்டரியில், வார்ப்புகளின் பிசிறைத் தேய்த்து எடுக்கும் ஃபெட்லிங் செக்‌ஷனுக்கு எத்தனை பேரை எடுத்தாலும் மாதத்துக்குள் போய்விடுகிறார்கள். அங்கே இருக்கும் சூப்பர்வைசர் வேலையில் கெட்டி, வாய் கொஞ்சம் நீளம். அவரை மாற்றினால் உற்பத்தி படுத்துவிடும். என்ன செய்யலாம்? (நிர்வாகப் பங்குதாரர், கோவை)

பிரச்சினை சூப்பர்வைசரா, வேலையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது ஷிப்டில் வேறு சூப்பர்வைசர் இருப்பார் அல்லவா? அவரிடமும் ஃபெட்லிங் ஆட்கள் இதே வேகத்தில் போனால் காரணம் வேலைதான். நாள் முழுக்க கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு தூசியிலும் சத்தத்திலும் நிற்கிற வேலை அது. தூசி உறிஞ்சும் மெஷின் இருந்தும், ஃபில்டர் பையைத் தட்டிச் சுத்தம் செய்யாமல் விட்டால் இழுவை குறைந்துவிடும். மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும், தூசி முகத்துக்குத்தான் வரும். வாரம் ஒருமுறை யார் சுத்தம் செய்வது என்று பெயர் போட்டு எழுதி, கையெழுத்து வாங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கோர் எடுப்பது, எடை போடுவது, லோடிங் என்று ஆளை மாற்றிப் போடுங்கள். ஃபெட்லிங்குக்கென்று தனிப் படி கொடுங்கள். ஆறு மாதம் முடித்தவர் விரும்பினால் மோல்டிங்குக்கோ மெஷின் ஷாப்புக்கோ மாறலாம் என்று எழுதிக் கொடுங்கள். "வாழ்நாள் முழுக்க இதுதான்" என்று நினைக்கும் ஆள் மூன்றாவது வாரமே வேறு இடம் தேடத் தொடங்கிவிடுவார்.

அவரிடம் மட்டும்தான் போகிறார்கள் என்றால், அவரை நீக்குவதற்கு முன் அவர் கையிலிருக்கும் சில அதிகாரங்களை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான சூப்பர்வைசர்கள் நல்ல ஆபரேட்டராக இருந்ததால் மேலே வந்தவர்கள். மெஷினைக் கையாளத் தெரியும், ஆளைக் கையாள யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. லீவை வாயால் மறுக்கும் அதிகாரம் அவருக்கு வேண்டாம். நோட்டில் எழுதட்டும், மறுத்தால் காரணத்தையும் எழுதட்டும், அன்று மாலைக்குள் மேனேஜர் பார்க்கட்டும். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) யாருக்கு என்பதை வரிசைப் பட்டியல் தீர்மானிக்கட்டும். பவுண்டரியில் ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்பதால், அதைத் தனக்கு வேண்டியவர்களுக்கே தருவதுதான் ஆட்களிடம் அதிக வயிற்றெரிச்சலைக் கிளப்பும். அபராதம் போடும் அதிகாரமும் போகட்டும்.

அவரது ஊக்கத்தொகை எதை வைத்து என்று பாருங்கள். டன் கணக்கை மட்டும் வைத்து என்றால், ஆளைப் பிழிவதற்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். அதில் 30 சதவீதத்தை, அவரிடம் சேர்ந்த புது ஆட்களில் எத்தனை பேர் 90 நாள் தாண்டினார்கள் என்பதோடு இணைத்துவிடுங்கள். திட்டும் முறையையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம். நாலு பேர் முன்னால் வேண்டாம், பழுதான காஸ்டிங்கைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றி மட்டும் பேசவும், வீட்டையும் ஊரையும் இழுக்க வேண்டாம், கடைசியில் "இப்படிப் பிடி" என்று ஒருமுறை செய்து காட்டவும். மூன்று மாதம் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் அவரை ஆள் இல்லாத வேலைக்கு, தரச் சோதனைக்கோ பேட்டர்ன் பராமரிப்புக்கோ மாற்றுங்கள். கெட்டிக்காரத்தனமும் வீணாகாது, ஆளும் தப்பிக்கும்.

கேள்வி: பக்கத்து கம்பெனியில் ஆயிரம் ரூபாய் கூடுதல் என்றதும் போய்விடுகிறார்கள். நானும் கூட்டிக் கொடுக்க வேண்டுமா? சம்பளம்தான் எல்லாமுமா? (பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட், ஓசூர்)

சம்பளம் குறைவாக இருக்கும்போது சம்பளம்தான் எல்லாமும். "பணம் முக்கியமில்லை, மரியாதைதான் முக்கியம்" என்று மேடையில் பேசுகிறவர்களை நம்பி இதில் கோட்டை விடாதீர்கள். 1913-இல் அமெரிக்காவின் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் ஆண்டு விலகல் 370 சதவீதம். ஒரு இடத்தை நிரப்பி வைக்க ஆண்டுக்கு மூன்று நான்கு பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர், வேலை நேரம் 9 மணியிலிருந்து 8 மணி என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டே விலகல் 54 சதவீதத்துக்கு இறங்கியது, 1915-இல் 16. அசெம்பிளி லைன் வேலையின் சலிப்பு அப்படியேதான் இருந்தது.

ஆனால் உங்கள் கேள்வியில் வேறு ஒன்று ஒளிந்திருக்கிறது. பக்கத்து கம்பெனி நிஜமாகவே ஆயிரம் கூடுதலாகத் தருகிறதா? உங்களிடம் பேசிய சம்பளம் 14,000 என்று வைப்போம். பி.எஃப். 12 சதவீதம் 1,680, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 105. கையில் 12,215. பக்கத்தில் பிடித்தம் எதுவுமில்லாமல் 13,500. ஆளுக்குத் தெரிவது 12,215-க்கும் 13,500-க்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். அவர் பெயரில் நீங்களும் பி.எஃப். 1,680, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதமாக 455 கட்டுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் நம்ப மாட்டார், ஏனென்றால் ஊரில் யாரோ ஒருவருக்கு பி.எஃப். பணம் வராமலே போயிருக்கும்.

வராமல் போவதற்கு அடிக்கடி காரணமாவது நம் ஊர் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் முன்னால், பி.எஃப். கணக்கில் அப்பா பெயர் முழுதாக. பிறந்த தேதியும் ஒன்றில் மாறியிருக்கும். க்ளெய்ம் போட்டால் திரும்பி வந்துவிடும். தொழிலாளி என்ன நினைப்பார்? கம்பெனி சாப்பிட்டுவிட்டது என்று. சேர்ந்த முதல் வாரமே ஆதார், பேங்க், பி.எஃப். மூன்றிலும் பெயரும் தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கம்பெனியும் தொழிலாளியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி மூலம் திருத்திக் கொடுங்கள். யு.ஏ.என். என்ற அவரது பி.எஃப். எண்ணை அவர் போனிலேயே திறந்து, ஒவ்வொரு மாதமும் ஏறும் பணத்தை அவரே பார்க்கும்படி பழக்கிவிடுங்கள். ஹெச்.ஆரில் இருக்கும் ஒருவருக்கு ஆளுக்கு அரை மணி நேர வேலை. இதை விட மலிவாக நம்பிக்கையை வாங்க முடியாது.

இ.எஸ்.ஐ.யும் இப்படித்தான். சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அது கட்டாயம், ஆனால் பல பேருக்கு அட்டையே கையில் இருக்காது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பெயரைச் சேர்த்து, எந்த டிஸ்பென்சரி என்று சொல்லி, அட்டையை எடுத்துக் கொடுங்கள். நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும் என்பது தெரிந்த குடும்பம், அடுத்த கம்பெனியின் ஆயிரம் ரூபாயை வேறு விதமாக எடை போடும்.

இத்தனைக்குப் பிறகும் உங்கள் சம்பளம் சந்தைக்குக் கீழே இருந்தால் எல்லோருக்கும் கூட்டுங்கள். விலகல் கடிதத்தோடு வரும் ஒருவருக்கு மட்டும் கூட்டிக் கொடுக்காதீர்கள். கடிதம் கொடுத்தால்தான் சம்பளம் ஏறும் என்ற பாடத்தை மற்றவர்களுக்கு நீங்களே நடத்தியதாகிவிடும்.

கேள்வி: பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறோம். இங்கே அட்வான்ஸ் கொடுத்துத்தான் ஆளை நிறுத்துவது வழக்கம். 50 ஆயிரம், ஒரு லட்சம் என்று ஏறிக்கொண்டே போகிறது. இது சரிதானா?

சரியில்லை. கடனைக் காட்டி வேலையை விட்டுப் போக விடாமல் தடுப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. கொடுத்த பணமும் போய் வழக்கும் வரும். தொழில் ரீதியாகப் பார்த்தாலும் ஓட்டைதான். அடுத்த தறிக்காரர் உங்கள் அட்வான்ஸை அடைத்து ஆளைக் கூட்டிப் போனால், அவர் அதற்கு மேல் 10 ஆயிரம் போட்டிருப்பார். இப்படியே ஊர் முழுக்கத் தொகை ஏறுகிறது.

திருமணம், மருத்துவம், பள்ளிக் கட்டணம் போன்ற தேவைகள் நிஜமானவை. அதற்குச் சம்பள முன்பணம் கொடுங்கள். தொகை இரண்டு மாதச் சம்பளத்துக்குள், வட்டி இல்லாமல், பத்து தவணையில், எழுத்தில். வேலையை விட்டுப் போனால் மீதியைத் தவணையாகக் கட்டலாம், போவதற்குத் தடையில்லை என்ற வரியும் அந்தத் தாளில் இருக்கட்டும். ஆளை நிறுத்தும் வேலையைத் தறிக்கு நூல் தடையில்லாமல் வருவதும் வாரக் கணக்கு தவறாததும் செய்யும்.

கேள்வி: ஜவுளிக் கடையில் 40 பெண்கள் விற்பனையில் இருக்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு இலவசம். ஆனாலும் மூன்று மாதம் தாண்டுவது கஷ்டமாக இருக்கிறது. (மேலாளர், மதுரை)

நாற்காலி இருக்கிறதா? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி ஊழியர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும். ஸ்டூலை வாங்கி கவுன்டருக்குப் பின்னால் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் ஃப்ளோர் மேனேஜர் முறைத்தால் அந்த ஸ்டூல் கணக்கில் வராது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரலாம் என்று நீங்களே எல்லோர் முன்பும் ஒருமுறை சொல்லுங்கள், மேனேஜரும் கேட்கட்டும். கழிப்பறைக்குப் போக அனுமதிச் சீட்டு, நேரக் கணக்கு இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது விற்பனைக் கமிஷன். பட்டு செக்‌ஷனில் நிற்பவருக்கும் துண்டு, போர்வை செக்‌ஷனில் நிற்பவருக்கும் ஒரே சதவீதம் என்றால், கமிஷன் திறமைக்கு இல்லை, நிற்கும் இடத்துக்குத்தான் கிடைக்கிறது. அந்த இடத்தை யார் கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்ற பேச்சு ஹாஸ்டலில் ஓடும். மாதாமாதம் செக்‌ஷன் மாற்றுங்கள், பட்டியலை வெளிப்படையாக ஒட்டுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர் வேண்டும். உறுப்பினர்களின் போன் எண்கள் ஹாஸ்டல் சுவரில் இருக்கட்டும். இலவசச் சாப்பாடு என்கிறீர்கள். வாரத்தில் இரண்டு இரவு நீங்களும் அங்கே போய் அதே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்.

கேள்வி: 35 பேர் கொண்ட மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். கல்லூரியிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்தால் ஒன்றரை ஆண்டில் பறந்துவிடுகிறார்கள். பாண்டு எழுதி வாங்கலாமா? ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைக்கலாமா? (சென்னை)

சான்றிதழ்களைத் தொடாதீர்கள். பாண்டைப் பொறுத்தவரை, வேலையை விட்ட பிறகு வேறு இடத்தில் சேரக் கூடாது என்று தடுப்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை வேறு. 3 ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்று பொதுத்துறை வங்கி ஒன்று வைத்திருந்த நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே நியாயமான தொகைக்குப் பாண்டு வாங்கலாம். வாங்கினால் என்ன நடக்கும்? நல்லவரை அவரது புதுக் கம்பெனி பணம் கட்டி எடுத்துப் போகும். போக வழியில்லாதவர் உங்களிடமே உட்கார்ந்து நாளை எண்ணுவார்.

ஒன்றரை ஆண்டில் ஏன் என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு காரணங்கள். முதலாவது, சம்பளத் தலைகீழ். இரண்டு ஆண்டு இருப்பவருக்கு 10 சதவீத உயர்வில் வந்த தொகையை விட, அதே வேலைக்கு வெளியிலிருந்து நேற்று எடுத்தவருக்குக் கூடுதல். சம்பளம் ரகசியம் என்று நீங்கள் நினைப்பீர்கள், டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். வேலை, சேர்ந்த தேதி, இன்றைய சம்பளம் என்று ஒரு ஷீட்டில் போட்டு வரிசைப்படுத்தினால் தலைகீழாக இருக்கும் இடங்கள் பளிச்சென்று தெரியும். அவர்கள் கேட்கும் முன் சரிசெய்யுங்கள். இரண்டாவது, பழைய கிளையன்ட்டின் பழைய கோடில் பிழை திருத்தும் வேலையிலேயே ஆளை விட்டுவைப்பது. அவர் கெட்டிக்காரர் என்பதால்தான் அங்கேயே விட்டிருப்பீர்கள், அதுதான் அவருக்குத் தண்டனை. 12 மாதத்துக்கு மேல் யாரும் ஒரே வேலையில் இருக்கக் கூடாது, மாறும் முன் 4 வாரம் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று விதி வையுங்கள். ஒருவரை மட்டும் நம்பி இருக்கும் ஆபத்தும் அதோடு குறையும்.

விலகும்போது பேட்டி எடுப்பதை விட, இருக்கும்போதே பேசுங்கள். 1, 3, 9, 15-ஆவது மாதங்களில் 20 நிமிடம், நேரடி மேலாளர் இல்லாமல். "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே" என்றுதான் பதில் வரும். "போன மாசம் எந்த வேலையைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கடுப்பாச்சு?" என்று கேளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது 15 நாளுக்குள் செய்யுங்கள். கேட்டுவிட்டு எதுவும் செய்யாமல் இருப்பதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

சந்தை சூடாக இருக்கும் ஆண்டில் இதையெல்லாம் செய்தும் ஆள் போகும். 2022-இன் நடுவில் இன்போசிஸிலேயே விலகல் 28 சதவீதத்தைத் தாண்டியது. அந்த மாதிரி ஆண்டில் உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

கேள்வி: 60 படுக்கை மருத்துவமனை. செவிலியர்கள் ஓராண்டு அனுபவம் ஆனதும் வளைகுடா, ஜெர்மனி என்று கிளம்புகிறார்கள். நிறுத்த வழி உண்டா? (நாகர்கோவில்)

வெளிநாடு போக முடிவு செய்தவரை நிறுத்த முடியாது, அந்தச் சம்பளத்தோடு நீங்கள் போட்டி போடவும் முடியாது. அனுபவச் சான்றிதழை இழுத்தடித்தால் அடுத்த பேட்ச் வராது. நேர்மாறாகச் செய்யுங்கள். "எங்களிடம் இரண்டு ஆண்டு முழுமையாக இருங்கள், ஜெர்மன் மொழி வகுப்புக்கு ஏற்றபடி டியூட்டி போட்டுத் தருகிறோம், சான்றிதழ் கேட்ட அன்றே தருகிறோம்" என்று எழுதிக் கொடுங்கள். எட்டு மாதத்தில் காரணம் சொல்லாமல் போவதை விட, தேதி தெரிந்து இரண்டு ஆண்டில் போவது மேல். அடுத்த ஆளை முன்கூட்டியே எடுத்துப் பழக்கலாம்.

உள்ளூரிலேயே வேறு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அங்கே காரணம் பெரும்பாலும் டியூட்டி பட்டியல். அடுத்த மாதப் பட்டியல் 20-ஆம் தேதிக்குள் ஒட்டப்பட வேண்டும். நைட் முடித்த அன்றே மதிய டியூட்டிக்குக் கூப்பிடக் கூடாது. தங்களுக்குள் மாற்றிக்கொள்ள ஒரு நோட்டு, இன்சார்ஜ் கையெழுத்து போதும். திருமணமாகிக் குழந்தை பெற்ற பிறகு திரும்ப வர நினைக்கும் செவிலியருக்கு ஆறு மணி நேர டியூட்டி கொடுத்துப் பாருங்கள். வெளிநாடு போகும் யோசனையே இல்லாத, அனுபவமுள்ள ஆட்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

கேள்வி: "மாதத்தின் சிறந்த ஊழியர்" விருது கொடுக்கலாமா? (ஹோட்டல், திருச்சி)

வேண்டாம். நாலாவது மாதமே "இந்தத் தடவை யாருக்குக் கொடுக்கிறது" என்ற சுற்று முறை ஆகிவிடும், அல்லது முதலாளிக்கு வேண்டியவர் வாங்கிக்கொண்டே இருப்பார். அந்தப் பணத்தில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் நல்ல ரப்பர் மேட்டும் வாங்கிப் போடுங்கள். ஹோட்டலில் முதலில் காலியாவது அந்த இடம்தான்.

கேள்வி: சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவர் இப்போது வந்து கணக்கு கேட்கிறார். கோபத்தில் இழுத்தடிக்கிறோம். சட்டப்படி எத்தனை நாள் அவகாசம்? (பேக்கேஜிங் யூனிட், ஸ்ரீபெரும்புதூர்)

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஒருவர் விலகினாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதிய பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். ஐந்து ஆண்டு முடித்திருந்தால் பணிக்கொடை தனி, அதற்கு 30 நாள். கணக்கு எளிது: கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 15,600 ரூபாயில் 6 ஆண்டு இருந்தவருக்கு 54,000. இரண்டையும் காசோலையாகவோ வங்கியிலோ கொடுத்து, விவரத் தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

நீங்கள் அவரிடம் காட்டும் கோபத்தை இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நோட்டீஸ் கொடுத்து மரியாதையாக விலகினாலும் இதே கதிதான் என்று தெரிந்தால், அடுத்தவரும் சொல்லாமலேதான் நிற்பார். கையோடு பி.எஃப். தளத்தில் அவர் வேலையை விட்ட தேதியையும் காரணத்தையும் ஏற்றிவிடுங்கள். நீங்கள் ஏற்றாவிட்டால், கடைசிச் சந்தா கட்டிய இரண்டு மாதத்துக்குப் பிறகு அவரே ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு மாதமும் அவர் உங்கள் கேட் வாசலுக்கு வந்துகொண்டே இருப்பார்.